ரேடியோவுக்குக் கேட்காத ஓட்டு

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க ஒரே இயந்திரத்தோடு மல்லுக்கட்டு. பொத்தானை அழுத்து, விளக்கு எரிகிறதா பார், எண்ணிக்கை கூடியதா பார், மறுபடி அழுத்து. தேர்தல் அலுவலகத்தில் பரிசோதனைப் பொறியாளர் என்றால் வெளியே நல்ல மரியாதை. உள்ளே வந்து பார்த்தால், இல்லாத வேட்பாளர்களுக்கு நாளெல்லாம் ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தி. நாற்காலி, குடை, பந்து, கடிகாரம். எங்கள் மாதிரிச் சின்னங்கள் நான்கும் இப்போது கனவில்கூட வருகின்றன.

மே 11 நகரசபைத் தேர்தல். இந்த முறை புதிதாக ஹெட்போன் பெட்டி ஒன்று இயந்திரத்தோடு சேர்கிறது. பார்வை இல்லாதவர்கள் மாட்டிக்கொண்டால் பெயர்களை வரிசையாக வாசிக்கும். எல்லாம் வாசித்து முடித்ததும் வேண்டிய பொத்தானை அழுத்தினால், அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லி “சரியா?” என்று கேட்கும். துணைக்கு ஆள் வேண்டாம்.

பார்வை இல்லாத என் அக்காவுக்கு இதைச் சொன்ன நாளிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டு மேஜையில் விரலால் அழுத்தி அழுத்திப் பழகுகிறாள். இத்தனை வருஷமும் அத்தான்தான் கூடப் போய், அவள் காதில் பெயர்களைச் சொல்லி, அவள் சொன்னதை அழுத்திவிட்டு வருவார். அழுத்தினாரா, தன் இஷ்டத்துக்கு வேறு எதையாவது அழுத்தினாரா, கடவுளுக்கும் அத்தானுக்கும்தான் வெளிச்சம் என்று அவள் எல்லார் முன்னாலும் கேலி செய்வாள். அத்தானும் சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மாதிரி வாக்காளர்களில் ஒருத்தியாக அவளும் வருகிறாள். என்ன உடுத்துவது என்று இப்போதே கேட்கிறாள்.


மார்ச் 7, வெள்ளி

அக்கா ஓட்டுப் போட்டாள். மாதிரி ஓட்டுத்தான். வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய குழந்தை மாதிரி. “யாருக்குன்னு சொல்ல மாட்டேன்” என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

அவளுக்குப் பிறகு இசை வாத்தியார் ஒருவர் போனார். அவருக்கும் பார்வை இல்லை. வெளியே வரும்போதே, “குடைக்குப் போட்டாச்சு, இனிமே மழை வந்தாக் கவலை இல்ல” என்று கூடத்துக்கே அறிவித்தார். கடைசியாக ஓர் அம்மாள். அவர் வாயே திறக்கவில்லை. அக்கா தடுப்பு அட்டைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் எனக்காகக் காத்திருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது அக்கா சத்தமே இல்லை. களைப்பு என்று நினைத்தேன். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசியா போனாங்களே அந்தம்மா, அவங்க பந்துக்குத்தானே போட்டாங்க?” என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்? உனக்கு எப்படித் தெரியும்?

காத்திருந்த நேரத்தில் கைப்பையிலிருந்த சின்ன ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தாளாம், ஒரு காதில் மட்டும் ஒயரை மாட்டிக்கொண்டு. உள்ளே எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார்களே என்றேன். “போனைத்தானே அணைக்கச் சொன்னாங்க?” என்றாள். வாத்தியார் உள்ளே இருந்தபோது செய்திக்கு அடியில் நாலு விதமாக இரைந்ததாம். ஒன்று வண்டு மாதிரி, ஒன்று கொசு மாதிரி, இப்படி. நாலும் முடிந்த பிறகு இரண்டாவது இரைச்சல் மட்டும் இன்னொரு தடவை வந்ததாம். வரிசையில் இரண்டாவது குடை. அந்த அம்மாள் போனபோது மூன்றாவது இரைச்சல் திரும்ப வந்ததாம்.

பஸ் கம்பெனியின் புகார்த் தொலைபேசியில் உட்கார்ந்து நாளெல்லாம் திட்டு வாங்குவது அக்காவின் வேலை. மூச்சு விடுவதை வைத்தே ஆளின் கோபத்தை அளப்பாள். அவள் காதில் தப்பாக விழ வாய்ப்பே இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.


மார்ச் 8, சனி

கடைக்குப் போய் அதே மாதிரி ரேடியோ ஒன்று வாங்கினேன். கடைக்காரர், இதையெல்லாம் இன்னும் யார் கேட்கிறார்கள் என்றார். அதுதான் எனக்கும் கவலை.


மார்ச் 10, திங்கள்

முதல் வேலையாக வெள்ளிக்கிழமை மாதிரி ஓட்டுகளின் பதிவை எடுத்துப் பார்த்தேன். நிஜத் தேர்தலில் இப்படிப் பதிவு கிடையாது, சோதனைக்கு மட்டும்தான். அந்த அம்மாள் போட்டது பந்துக்கு.

மதியம் கூடம் காலியானதும் ஹெட்போனை மாட்டி நானே போட்டேன். ரேடியோ பக்கத்து மேஜையில். நாற்காலி — வண்டு. குடை — கொசு. பந்து — நாக்கை மடித்து இழுத்தது மாதிரி. கடிகாரம் — கட்டையான உறுமல். ஒவ்வொரு பெயரை வாசிக்கும்போதும் உள்ளே மின்சுற்று வேறு வேறு வேகத்தில் துடிக்கிறது, அந்தத் துடிப்பு காற்றில் போகிறது. ஹெட்போனைப் பிடுங்கினேன். மௌனம். மறுபடி மாட்டினேன். வண்டு.

ஹெட்போன் ஒயர்தான் ஏரியல்.

உதவியாளரை ஓட்டுப் போடச் சொல்லிவிட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. நடைபாதையில் கேட்கிறது. வண்டிகள் நிறுத்துமிடத்தில், மரத்தடியில் நின்றுகூடக் கேட்கிறது! அவர் போட்டது கடிகாரத்துக்கு என்று வெளியே நின்றபடி சொன்னேன். ஆமாம் என்று ஜன்னல் வழியாகத் தலையாட்டினார். 

எங்கள் பிரிவு அலைக்கசிவுச் சோதனை செய்ததே? செய்தது. என் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் செய்தது ஹெட்போன் இல்லாமல். இயந்திரம் எங்கள் பிரிவின் பொறுப்பு, ஹெட்போன் வசதிகள் பிரிவின் பொறுப்பு. நாங்கள் இயந்திரத்தைத் தனியாகப் பார்த்தோம், அவர்கள் ஹெட்போனைத் தனியாகப் பார்த்தார்கள். இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று இரண்டு பேரும் எழுதிக் கொடுத்துவிட்டோம். மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு ஜோடிப் பொருத்தம் பிரமாதம் என்று சொன்ன கதை.


மார்ச் 11, செவ்வாய்

மேலதிகாரியிடம் சொன்னேன். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பூட்டு’. கெட்டவர் இல்லை. அவரிடமும் ரேடியோவைக் கொடுத்துக் கேட்கவைத்தேன்.  ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். பிறகு அவருக்கே உரிய தீர்வைச் சொன்னார்: எல்லா ஹெட்போன் பெட்டிகளையும் கழற்றி அறையில் வைத்துப் பூட்டிவிடலாம்.

“ஒயர் இல்லேன்னா கசிவு இல்ல. அவ்வளவுதானே?”

பார்வை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். இதுவரை என்ன செய்தார்களோ அதையே செய்வார்கள், துணைக்கு ஆள் வரட்டும் என்றார். ஊர் முழுக்க எண்ணினாலும் எத்தனை பேர் என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு ரேடியோவை மேஜையில் கொஞ்சம் பலமாகவே வைத்துவிட்டேன். மூடி உடைந்தது. என் ரேடியோதான்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.


மார்ச் 12, புதன்

சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ?

அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள். அத்தான் அவளுக்கு ஆறுதலாக, “அதனால என்ன, எப்பவும் போல நான் வரேன்” என்றார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அக்கா கோப்பையை வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

என்ன அநியாயம் இது. கண்டுபிடிச்சதே அவ. ஓட்டை இருக்குன்னு நல்ல மனசோட சொன்னவளுக்கே முதல்ல கதவைச் சாத்துறாங்க. அவ பேசாம இருந்திருந்தா சந்தோஷமாப் போய்ப் போட்டுட்டு வந்திருப்பா. எவனோ ஒருத்தன் வெளியே ரேடியோவோட நின்னு அவ ஓட்டைக் கேட்டிருப்பான். அதுவும் வேணாம். இதுவும் வேணாம். அப்போ எதுதான் வேணும்?

அவளுக்கு ரகசியமா ஒரு ஓட்டு. அதுதான் வேணும். அவ்வளவுதான்.


மார்ச் 14, வெள்ளி

இரண்டு நாளாக வீட்டில் பேச்சே இல்லை. நான் தனிக்கட்டை. இவர்களோடு ஒரே வீட்டில் இருப்பதால் சண்டையிலும் பாதிப் பங்கு எனக்கு.

இன்று காலை அத்தானே ஆரம்பித்தார். “இத்தனை வருஷம் நான் மாத்திப் போட்டேன்னு நெசமாவே நினைக்கிறியா?”   அக்கா அவர் கையைத் தேடிப் பிடித்தாள்.

“நம்பாம இல்லைங்க. கல்யாணமானதிலேர்ந்து உங்களுக்குத் தெரியாம நான் ஒண்ணுமே செஞ்சதில்ல. ஒரு தடவையாவது செய்யணும்.”

அத்தான் யோசித்துவிட்டு, சமையலில் உப்பு மட்டும் அவருக்குத் தெரியாமல்தான் விழுகிறது என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வேலைக்கு ஓடினேன். கண் கலங்கியதை அத்தான் பார்க்க வேண்டாம் என்றுதான்.


மார்ச் 17, திங்கள்

பூட்டிடம் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. மாதக் கடைசி வரை நேரம் கேட்டேன். 28-ஆம் தேதி எல்லாக் கட்சிக் கூட்டம். அதற்குள் கசிவை அடைத்துக் காட்டினால் ஹெட்போன் இருக்கும், இல்லாவிட்டால் அறைக்குப் போகும் என்றார். ஒன்று மட்டும் உறுதியாகச் சொன்னேன்: அடைத்தாலும் அடைக்காவிட்டாலும் ஓட்டை இருந்ததைக் கூட்டத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் சரி என்றார்.

இயந்திரம் செய்த கம்பெனிக்குத் தகவல் போயிற்று. அவர்கள் பொறியாளர் வருகிறார்.


மார்ச் 19, புதன்

அவமானம்.

கம்பெனிப் பொறியாளர் வந்தார். நெஞ்சு வரை தாடி. பேச்சு மட்டும் தந்தி மாதிரி. இயந்திரத்தை வைத்தார், பையிலிருந்து ஹெட்போனை எடுத்தார், மாட்டினார். “கேளுங்க” என்றார். பூட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ரேடியோ. ஒன்றுமே கேட்கவில்லை. நாற்காலி, குடை, பந்து, கடிகாரம் — எல்லாவற்றுக்கும் ஒரே உஸ். முள்ளை இப்படியும் அப்படியும் திருகினேன். உஸ்.

“அன்னிக்கு ரேடியோ பாட்டரி பழசா இருந்திருக்கும்” என்றார் தாடி. பூட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நாலு நாள் தூங்காதவளைப் பார்க்கிற பார்வை.

எனக்கு எப்போதும் நான் சொல்வதுதான் சரி என்று இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அக்காவே சொல்வாள். இன்று ரேடியோவைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.


மார்ச் 20, வியாழன்

காலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும்போது சட்டென்று உறைத்தது. தாடி மாட்டியது அவர் பையிலிருந்த ஹெட்போன்!

ஓடினேன். தாடி டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஹெட்போனையும் எங்கள் கூடத்தில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிவைத்தேன். அவருடைய ஒயர் என் முழங்கை அளவு. எங்களுடையது ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம் போல நீளம். எங்களுடையதை மாட்டினேன். வண்டு.

தாடி டீயை வைத்துவிட்டார். “இது எங்க ஒயர் இல்ல.”

வசதிகள் பிரிவுக்குப் போனோம். அங்கே தலைவியாக இருக்கும் அம்மாளை நாங்கள் வசதியம்மா என்போம். அவர்தான் ஒயரை மாற்றியது. கம்பெனி தந்த ஒயர் குட்டை, மேஜையோ உயரம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் வயதானவர்களும் ஒயர் இழுத்துக்கொண்டு கழுத்தை வளைக்க வேண்டியிருக்கிறது என்று, ஆசை ஆசையாக நீள ஒயர் வாங்கிப் போட்டிருக்கிறார். “நல்லதுன்னுதானே செஞ்சேன்” என்று அழுதுவிட்டார். யார் இல்லை என்றார்கள்? அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். அவரவர் வேலையை எல்லாரும் நன்றாகத்தான் செய்திருக்கிறோம். ஒருத்தர் வேலையை ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை, அதுதான் குற்றம்.


மார்ச் 21, வெள்ளி

சந்தோஷப்பட்டது ஒரு நாள்தான். குட்டை ஒயரிலும் கசிகிறது. ரேடியோவை இயந்திரத்தின் மேலேயே வைத்தால் மெல்லிசாக வண்டு. அந்த நேரம் பார்த்துத் தாடிதான் பக்கத்தில் இருந்தார். மறைத்திருக்கலாம். அவரே என்னைக் கூப்பிட்டு, “கேக்குது” என்றார். தந்தி மனிதர் மேல் மரியாதை வந்துவிட்டது.


மார்ச் 25, செவ்வாய்

சின்னச் சின்ன வேலைகள். கணினி ஒயர்களின் நுனியில் கறுப்பாகத் தடித்த வளையம் ஒன்று இருக்குமே, அதே மாதிரி வளையத்தைத் தாடி ஹெட்போன் ஒயரில் மாட்டினார். ஒயர் உள்ளே போகும் துளையைச் சுற்றி உலோகத் தகடு. வசதியம்மா தச்சரைக் கூட்டிவந்து மேஜைக் காலையே குறைத்துவிட்டார். இனி குட்டை ஒயர் போதும், யாரும் கழுத்தை வளைக்க வேண்டாம். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று தச்சர் சொன்னார். எங்கள் மூவருக்கும் அவரைப் பிடிக்கவில்லை.

மாலையில் அக்காவை வரவழைத்தேன். என் காதை விட அவள் காதை நம்புகிறேன். இயந்திரத்தின் மேல் ரேடியோவை வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டாள். தாடி மூச்சு விடாமல் நின்றார்.

“உஸ்ஸுன்னு மட்டும்தான் கேக்குது” என்றாள். “இவர் மூச்சு விடலாம்னு சொல்லு.”


மார்ச் 28, வெள்ளி

எல்லாக் கட்சிக் கூட்டம். 

பூட்டு சொன்ன சொல் தவறவில்லை. எழுந்து நின்று, புது ஹெட்போனில் ஓட்டை இருந்தது, இப்போது காட்டுகிறோம் என்றார். நான் பக்கத்து அறையில் ரேடியோவோடு. கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக நீள ஒயர் ஹெட்போனை மாட்டி மாதிரி ஓட்டுப் போட, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் சொன்னேன்: பந்து. குடை. மறுபடி குடை. கடிகாரம். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

அப்புறம் ஒரே அமளி. போன தேர்தலும் இப்படித்தானா என்று ஒருவர். போன தேர்தலில் ஹெட்போனே கிடையாது, ஹெட்போன் இல்லாமல் கசியவில்லை, அதையும் இப்போதே ரேடியோ வைத்துப் பாருங்கள் என்று காட்டினோம். ஹெட்போனைத் தூக்கி எறியுங்கள் என்று இன்னொருவர்.  அவ்வளவுதான், அறைக்குப் போகப்போகிறது என்று நினைத்தேன்.

பூட்டு கையை உயர்த்தி, இரண்டாவது சுற்றையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றார். குட்டை ஒயர், வளையம், தகடு. இந்தத் தடவை கட்சிக்காரர் ஒருவரும் என்னோடு இந்த அறைக்கு வந்து ரேடியோவில் காதை வைத்தார். என்னை நம்பவில்லை. நம்ப வேண்டியதும் இல்லை. அந்தப் பக்கம் ஓட்டு விழுந்தது.

“தெரியலை” என்றேன்.

அடுத்தது. “தெரியலை.” அடுத்தது. “தெரியலை.” என் வாழ்க்கையில் தெரியாது என்பதை இத்தனை சந்தோஷமாகச் சொன்னதே இல்லை. கூட இருந்தவர் ரேடியோவைப் பிடுங்கி, சுவரோடு ஒட்டி, முள்ளைத் திருகி, கடைசியில் இயந்திரத்துக்கே போய் அதன் மேலேயே வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

தூக்கி எறியச் சொன்னவரே கடைசியில் யோசனை சொன்னார்: தேர்தலன்று ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒரு ரேடியோ இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் காதில் வைத்துப் பார்க்கட்டும். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பூட்டி வைக்கிற மனிதர், திறந்து வைப்பதற்குக் கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், “பஸ் புகார்ப் பிரிவு, சொல்லுங்க” என்றாள். ஹெட்போன் இருக்கு என்றேன்.  மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் யாரோ, யார் இப்படித் திட்டியது என்று அவளைக் கேட்டார்கள்.


ஏப்ரல் 16, புதன்

வளையம் மாட்டுகிறோம். இன்றும் வளையம். நாளையும் வளையம். எல்லா இயந்திரத்தையும் ஹெட்போனோடு சேர்த்தே சோதிக்கிறோம், வசதியம்மா என் மேஜைக்கு எதிர் மேஜையில்.


மே 10, சனி

அக்கா மூன்று உடுப்புகளை மாற்றிவிட்டாள். எது எப்படி இருக்கிறது என்று பார்க்கப்போவது நாங்கள்தானே, அவளுக்கு என்ன என்று அத்தான் கேட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டார்.


மே 11, ஞாயிறு

எனக்கு எங்கள் பகுதி வாக்குச்சாவடியில்தான் வேலை போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட வகுப்பறை. சுவரோரம் பெஞ்சில் ரேடியோவை வைத்துக்கொண்டு கட்சி முகவர்கள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண்ணின் அம்மாவும் வாங்கிக் கேட்டுவிட்டு, பாட்டு வராதா என்றார். வராது என்றேன்.

பதினொரு மணிவாக்கில் இருவரும் வந்தார்கள். வாசல் வரை அத்தான் கையைப் பிடித்து வந்தார். அங்கே விட்டுவிட்டார். விட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா கோலைத் தட்டிக்கொண்டு தனியாக மறைப்புக்குள் போனாள்.

நான் ரேடியோவைக் காதில் வைத்தேன். வேலை அது.  உஸ். உஸ். அவள் காதில் இப்போது ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருக்கும். உஸ். இப்போது அழுத்தியிருப்பாள். உஸ். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் சொந்த அக்கா, பத்தடி தூரத்தில், என்ன செய்கிறாள் என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை! பக்கத்திலிருந்த முகவர் என்னம்மா அழுறீங்க, ஏதாவது கேட்குதா என்று பதறி ரேடியோவை வாங்கிப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன்.

வெளியே வந்தவள் நேராக நடந்து அத்தான் சட்டைக் கையைத் தேடிப் பிடித்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாசல் படி வரைக்கும்தான் அவருக்குப் பொறுமை இருந்ததாம், அப்புறம் கேட்டுவிட்டாராம். அவள் சொல்லவில்லையாம்.

நான் வீடு திரும்பியபோது மேஜையில் சாப்பாடு தயாராக இருந்தது. அத்தான் இன்னும் விடவில்லை. ஒவ்வொரு வேட்பாளர் பெயராகச் சொல்லி அவள் முகத்தையே பார்த்தார். அவள் பாத்திரத்தை நகர்த்தினாள், தண்ணீர் குடித்தாள், முகத்தை அசைக்கவில்லை. “எனக்கு மட்டுமாவது சொல்லேன்” என்றார்.

அக்கா சின்ன ரேடியோவை மேஜையில் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

“இதுகிட்டக் கேளுங்க.”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். அவர் ரேடியோவைப் போட்டார். ஏதோ பழைய பாட்டு ஓடியது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டே சாப்பிட்டோம்.